சரம் வெடிச்சா மனை போச்சு

வெளியே படபடவென்று சரவெடி வெடித்தது. சீனிவாசகம் சுவரில் தொங்கிய மனை வரைபடத்தில் ஒரு கட்டத்தைச் சிவப்புப் பென்சிலால் அடித்தார்.

"பதினோராவது மனையும் போச்சு சார். மனை ஒண்ணு வித்தா சரம் ஒண்ணு. அது நம்ம வளக்கம்."

எதிரே உட்கார்ந்திருந்த ராஜசிங் வாத்தியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். திருத்தங்கல் ரோட்டோரம் ஒரு மனைக்கு முந்நூறு ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தார். மீதியைக் கட்ட இன்றுதான் கடைசி நாள்.

எல்லாம் மனைவி ஞானபூரணி பத்து வருஷம் நர்ஸ் வேலை பார்த்துச் சேர்த்த பணம். "நெசமாவே விக்கிதுன்னா மீதியைக் கட்டுங்க. இல்லேன்னா அட்வான்ஸைத் திருப்பி வாங்காம வீட்டுப் படி ஏறாதீக" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"அண்ணாச்சி, மனை விலை பாதியா விளுந்துட்டுன்னு பஸ்ல பூரா அதே பேச்சு. மல்லாங்கிணறுல சும்மா குடுத்தாலும் வாங்க ஆளில்லையாமே?"

"எவன் சொன்னது?" சீனிவாசகம் ஒரு மஞ்சள் நோட்டீஸை நீட்டினார். 'மனை விலை சரிவு என்பது விஷமிகளின் வதந்தி!' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"பத்தாயிரம் அடிச்சு, ஜட்கா வண்டியில மைக் கட்டி ஊர் பூரா வீசியிருக்கேன். விலை விளவே இல்லே சார். ஓடுன களைப்புல கொஞ்சம் உக்காந்து மூச்சு வாங்குது, அம்புட்டுத்தான்."

மறுபடியும் ஒரு சரம். பாதியில் புஸ்ஸென்று அடங்கி, பிறகு மனசு மாறியதுபோல் வெடித்தது.

"பன்னெண்டு!" பென்சில் பாய்ந்தது.

ராஜசிங் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். மனை போட்ட பொட்டல் முழுக்க எல்லை முளைக்குச்சிகள்தான். நடுவே ஒரே ஒரு ஆள், கையில் கடிகாரத்தோடு நோட்டில் எதையோ குறித்துக்கொண்டிருந்தான்.

"வாங்குனவுக ஒருத்தரையும் காணலையே அண்ணாச்சி?"

"இந்த வெயில்ல எவுக நிப்பாக? உடைமரத்துக்கு அங்கிட்டு நிழல்ல இருக்காக. அந்தா நிக்கிறவன் நம்ம கணக்கப்பிள்ளை சுடலை. யாருக்கு எந்த மனைன்னு குறிக்கான்."

"கடிகாரம் எதுக்கு?"

"நல்ல நேரம் பாக்காம மனை எளுதலாமா? நீங்க ஏசுவைக் கும்பிடுத வேதக்காரவுக, உங்களுக்கு எங்க அது தெரியப்போகுது?"

மூன்றாவது சரம் காதைப் பிளந்தது.

"பதிமூணு! உங்க மனைக்கும் ரெண்டு பேர் போட்டி போடுதாக. அட்வான்ஸ்தான் வேணும்னா சொல்லுங்க, இப்பவே தாரேன்." சீனிவாசகம் மேஜை டிராயரை மெதுவாக, மிக மெதுவாக இழுத்தார்.

ராஜசிங் பதறிப்போனார். "ஐயையோ, வேண்டாம் அண்ணாச்சி! மீதியை இந்தா கட்டிருதேன்."

மஞ்சள் பையிலிருந்து நோட்டுக்கட்டை எடுத்து நீட்டினார். சீனிவாசகத்தின் கையும் நீண்டது.

அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு சுடலை உள்ளே வந்தான். அவன் விரல் நுனியெல்லாம் பட்டாசுக்குப் போடும் வெள்ளிமருந்து மினுமினுத்தது.

"சோதனைச் சரம் பூரா வெடிச்சுப் பாத்தாச்சு அண்ணாச்சி. எங்க பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒண்ணு கேட்டு வரச் சொன்னாக."

"அப்புறம் வாலே..." என்று சீனிவாசகம் கண்ணைக் காட்டினார். சுடலை கவனிக்கவில்லை.

"அஞ்சு வருசத்துக்கு இந்தப் பொட்டல்ல ஒரு வீடும் வராதுன்னு எளுதிக் குடுத்தீகள்ல, அதைப் பத்து வருசமா மாத்தித் தருவீகளா?"