எடுக்கச் சொன்ன வசனம்

விம்கோ நகர் முச்சந்தியில் ஆள்கடத்தல் விழிப்புணர்வு நாடகம் முடிந்தது. புரோக்கராக நடித்த பொன்ராஜுக்கு வழக்கம்போல் வசவு. அம்மா வேஷம் கட்டியவளுக்கு அதைவிட அதிகம்.

எல்லாம் மகளை அனுப்பும்போது அவள் புரோக்கரிடம் கிசுகிசுக்கும் ஒரு வசனத்தால்தான்: "நீ இட்டுகினு போறது வூட்டு வேலைக்கு இல்லன்னு எனக்குத் தெரியும். அவளாண்ட மட்டும் சொல்லிடாத."

"எந்தப் பெத்தவ இப்டி பேசுவா? எடுத்துடு வினிதா" என்று பொன்ராஜ் கெஞ்சாத நாளில்லை. நாடகத்தை எழுதிய வினிதா மசியவில்லை. அவளே மீட்கப்பட்டு வந்தவள். கூட்டத்தின் முன் வராமல் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள்.

ஆட்கள் கலைந்ததும் மீன்கூடையோடு ஒருத்தி வந்தாள்.

"நைனா, இத்த யாரு எழுதுனது?"

இவளுமா என்று அலுத்துக்கொண்டான் பொன்ராஜ். "அந்த அம்மா பேசுற வசனந்தானே? எடுத்துடுறோம்மா."

"எடுக்காத. எழுதுன புள்ள உசுரோட கீதான்னு மட்டும் சொல்லு."

"இன்னாம்மா சொல்ற?"

கூடையை இறக்கி வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அந்த ஆளாண்ட நான் அப்டி சொன்னப்போ, அவ தூங்கிகினு கீறான்னு நெனச்சேன்."