தோணிக் காட்சி

மாலை ஐந்து மணி பத்து நிமிடம். முதற் காட்சி முடிந்திருந்தது. நல்லரத்தினம் படம் ஓட்டும் ஒப்பரேட்டர் அறைக்குள் நுழைந்து கதவைத் தாழிட்டார். கீழே, கொட்டகை வாசலில் சனம் கத்தியது.

"ஆள் எங்க? வெளிய இழுங்கடா அவன!"

படம் அவருடையது. பத்து வருடம் கொழும்புப் பத்திரிகையில் விமர்சனப் பத்தி எழுதி மற்றவர்களின் படங்களைக் கிழித்தவர். "இனி எடுத்துக் காட்டுறன்" என்று சென்னைக்குப் போனார். கதை எழுதி, இயக்கி, முதற் காட்சிக்கு மட்டக்களப்பு திரும்பியிருந்தார்.

கதவு தட்டப்பட்டது. வெளியே கொட்டகை முதலாளி முத்தலிப்.

"திறங்க ஐயா. உங்களத் தேடல்ல. ஏழு பாட்டுக்கும் சனம் விசிலடிச்சிக் களைச்சிப் போச்சி. தேடுறது அந்த உரைகல்லத்தான்!"

நல்லரத்தினம் விட்டுப்போன பத்தியை இப்போது எழுதுபவரின் புனைபெயர் உரைகல். ஆளை யாரும் கண்டதில்லை. படம் குப்பை என்று இன்றைய பத்திரிகையில் எழுதியிருந்தார்.

"உங்கட கதிரையில குந்திக்கிட்டு உங்களையே கடிக்கிறான் பாருங்க. கொட்டகைக்குள்ளதான் இரிக்கானாம். கண்ணாடி போட்ட ரெண்டு வாத்திமாரப் புடிச்சி வச்சிரிக்கானுகள். கெதியா வாங்க, உங்களுக்குப் போட வச்ச மாலையும் வாடுது."

நல்லரத்தினம் திறக்கவில்லை. றீல் சுற்றிக்கொண்டிருந்த ஒப்பரேட்டர் சாலிஹிடம் திரும்பினார்.

"ஒரு றீல் விட்டிட்டியா? தோணிக் காட்சி வரல்லையே."

"வந்தது பதினொரு றீல். பதினொண்டும் போட்டன் ஐயா. பெட்டிக்குள்ள ஒரு கடிதமும் இரிக்கி."

சென்னைப் பட முதலாளியின் கையெழுத்து. 'யுத்தகாலப் பிலிம் கட்டுப்பாட்டால் நீளம் குறைக்க வேண்டியதாயிற்று. தாங்கள் புறப்பட்ட பிறகு, யாருக்கும் போட்டுக் காட்டும் முன்பே, தோணிக் காட்சியை எல்லாப் பிரதிகளிலும் நீக்கிவிட்டோம். பாட்டுகளில் கை வைக்கவில்லை.'

நல்லரத்தினம் கடிதத்தை மடித்தார். பிறகு இன்னொரு முறை மடித்தார்.

சாலிஹ் இன்றைய பத்திரிகையை எடுத்து, உரைகல் எழுதியதில் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தான்.

"'படம் முழுக்கக் குப்பை. பெண் ஒருத்தி தனியே வாவியைக் கடக்கும் தோணிக் காட்சி ஒன்றே சினிமா.'"

கீழே யாரோ ஒரு வாத்தியார், "நானில்ல, நானில்ல" என்று அழுதார். முத்தலிப் மறுபடியும் தட்டினார்.

சாலிஹ் தாழ்ப்பாளில் கை வைத்தான். நல்லரத்தினத்தின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"எந்தப் பிரதியிலயும் இல்லாத தோணிய இந்த உரைகல் எங்க ஐயா பார்த்தார்?"