மேற்கு மூலைக் கோலிக்குண்டு

கொசுவலை அடித்த தாழ்வாரம் அது. சாரல் அடித்தால் போதும், மேற்கு மூலையில் குளம் கட்டிவிடும். அதைக் கிழக்கே தண்ணீர் போகும் ஓட்டை வரை தள்ளித் தள்ளியே விளக்குமாறு ஈர்க்கு உதிர்ந்து பாதியாகிவிட்டது.

"உனக்கு வாய் சின்னது" என்று விளக்குமாறு ஓட்டையைத் திட்டும்.

"தண்ணி இங்க வந்தாத்தானே குடிக்க?" என்று ஓட்டை முணுமுணுக்கும்.

மேற்கு மூலையில் ஒரு கோலிக்குண்டும் கிடந்தது. எத்தனை தடவை பெருக்கித் தள்ளினாலும் அங்கேயே திரும்பிவிடும்.

"சோம்பேறி, உனக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்று அதையும் விளக்குமாறு திட்டியது.

"நானாவா வர்றேன்? தரை கூப்பிடுது, வர்றேன்" என்றது குண்டு.

ஒருநாள் கொத்தனார் வந்து, ஓட்டையைப் பெரிதாக்க உளியை எடுத்தார். விளக்குமாற்றுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. தான் சாய்ந்திருந்த சுவரிலிருந்து வேண்டுமென்றே சரிந்து, குண்டை அவர் காலடிக்குத் தட்டிவிட்டது. குண்டு அவர் கண்ணெதிரே நிதானமாக மேற்கு மூலைக்கே உருண்டு போனது.

கொத்தனார் ஓட்டையை விட்டுவிட்டுத் தரையைக் கொத்தினார். கிழக்கே சரியும்படி வாட்டம் வைத்துப் பூசினார்.

அடுத்த மழைக்கு விளக்குமாறு பழக்கத்தில் மேற்கு மூலையைப் பார்த்தது. அங்கே தண்ணீரும் இல்லை, குண்டும் இல்லை. குண்டு தண்ணீருக்கு முன்னாலேயே போய் ஓட்டையோரம் உட்கார்ந்துகொண்டு, வருகிற தண்ணீரையெல்லாம் அது வழியனுப்பிக்கொண்டிருந்தது.