கால்சியம் மாப்பிள்ளை

“கால்சியம் அயனி இருக்கு பாருங்க, அது புரதத்துல போய் ஒட்டும். ஒட்டினதும் புரதத்தோட வடிவமே மாறிடும். அதுலதான் நம்ம திருக்குமரன் ஆராய்ச்சி,” என்றார் ஞானசேகரம்.

பத்து காஜா என்ற ஊரிலிருந்து மாப்பிள்ளை பார்க்க வந்திருந்த ஜெயபாலன் தலையாட்டினார். அவர் பக்கத்தில் மகள் மாதுமை, இடைநிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை.

எதிரே திருக்குமரன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அப்பா சொன்னதில் அறிவியல் பிழை எதுவும் இல்லை. அந்த ஆராய்ச்சியை அவன் பாதியில் விட்டு மூன்று வருடம் ஆகிறது என்பதைத்தான் சொல்லாமல் விட்டார். இப்போது ஈப்போ பழைய டவுனில் அவன் தௌ ஃபூ ஃபா கடை வைத்திருக்கிறான். சூடான சோயாப் பாலில் ஜிப்சம் கலந்தால், அதிலுள்ள கால்சியம் புரதங்களைப் பிடித்துக் கோக்கும். பால் பூப்போல உறையும். சீனிப்பாகு ஊற்றிக் கொடுத்தால் மத்தியானத்துக்குள் பானை காலி.

ஞானசேகரம் அதைத் தொழில் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய அப்பா ரயில்வேயில் தலைமை எழுத்தர், இவரோ கல்வி இலாகா அதிகாரி. பரம்பரையில் கரண்டி பிடித்தவர் யாரும் இல்லை. கடையைப் பற்றி வாய் திறந்தால் இந்தச் சம்பந்தமும் போய்விடும் என்று காலையிலேயே மகனை எச்சரித்திருந்தார். திருக்குமரனுக்கு வயது முப்பத்து நான்கு. படத்தைப் பார்த்த நாளிலிருந்து மாதுமையை அவனுக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

“படிப்பு எப்ப முடியும் அண்ணே?” ஜெயபாலனின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“அவசரப்பட முடியாதுலா. பெரிய ஆராய்ச்சி. இன்னும் ரெண்டு மூணு வருஷம்.”

மாதுமை நேராகத் திருக்குமரனிடமே கேட்டாள். “நீங்க எதைப் போடுறீங்க? கால்சியம் குளோரைடா, சல்ஃபேட்டா?”

சல்ஃபேட். அதுதான் ஜிப்சம். குளோரைடு போட்டால் கசக்கும் என்பது அவன் நாக்குக்கே தெரியும். ஆனால் கசக்கும் என்று எந்த ஆராய்ச்சியாளன் சொல்வான்?

“லேப்ல ரெண்டும் இருக்கு,” என்றான். காது சுட்டது.

பழைய டவுனில் இந்த வீட்டார் யாராவது கடை வைத்திருக்கிறார்களா என்று ஜெயபாலன் தயங்கித் தயங்கி விசாரித்தார்.

“கடையா? நம்ம பரம்பரையிலேயே கிடையாதுலா,” என்று சிரித்தார் ஞானசேகரம்.

மாதுமை திருக்குமரனைப் பார்த்தாள். அவனும் இல்லையென்று தலையசைத்தான். அசைத்த பிறகு தலையை நிமிர்த்த முடியவில்லை.

ஜெயபாலன் எழுந்து கைகூப்பினார்.

“தப்பா நினைக்காதீங்க அண்ணே. எங்க மூத்த மாப்பிள்ளை எட்டு வருஷமா வீட்டு ஹால்ல உட்கார்ந்து ஆராய்ச்சி பண்றாரு, இன்னொருத்தரை உட்கார வைக்க இடமில்ல. மாதுமைக்குப் பேசலாம்னு நாங்க தேடி வந்தது தௌ ஃபூ ஃபா கடை நடத்துற ஒருத்தரை. அது உங்க மகன்தான்னு யாரோ தப்பா சொல்லிட்டாங்க.”