ஞாயிற்றுக்கிழமை இரைப்பை

"இன்னிக்கும் கோழி இரைப்பையை அந்த வெள்ளைக்காரிதான் முழுங்கப் போறாளா?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நப்வீலே கேட்டதும் நசிமியுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேற யாரு? என் வீட்டுக்காரர்தான் வாரி வழங்குற வள்ளலாச்சே."

கோழி அடித்தால் இரைப்பை வீட்டு ஆம்பளைக்கு. விருந்தாளி இருந்தால் விருந்தாளிக்கு. பெண்டாட்டி ஆக்கலாம், வாயில் வைக்கக் கூடாது. புங்கோமா பக்கத்தில் நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த சட்டம் இது. ஆனால் விருந்தாளி என்றால் ஒரு வரைமுறை வேண்டாமா?

சிக்ரித் நார்வேயிலிருந்து வந்து ஆறு மாதமாகிறது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்காமல் பாடம் எடுக்கிறாள். தங்கியிருப்பது நசிமியு வீட்டில். குழிக் கக்கூஸைப் பார்த்து முதல் நாள் அழுதாள், பழகிவிட்டாள். கையால் துணி துவைக்கவும் கற்றுக்கொண்டாள். இந்த இரைப்பையை மட்டும், 'அப்பா, நீங்க சாப்பிடுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லாமல், மெல்லக்கூடப் பொறுமையில்லாமல், கண்ணை மூடி ஒரே வாயில் விழுங்கிவிடுகிறாள். அவ்வளவு ஆசை.

"விருந்தாளிக்கு ரெண்டு நாள் சோறு, மூணாம் நாள் மண்வெட்டின்னு சும்மாவா சொன்னாங்க? நானா இருந்தா எப்பவோ கையில கொடுத்திருப்பேன்" என்றாள் நப்வீலே.

அது நசிமியுவின் மனசில் தைத்துவிட்டது.

மதியம் சாப்பிட உட்கார்ந்தார்கள். கணவர் மகோகா வழக்கம்போல இரைப்பையை எடுத்துச் சிக்ரித் தட்டில் வைத்தார்.

நசிமியு அதை எடுத்துக் கணவர் தட்டில் போட்டாள். மூலையில் கிடந்த மண்வெட்டியைக் கொண்டுவந்து சிக்ரித் பக்கத்தில் சாத்தினாள்.

"நாளைக்குச் சோளக்கொல்லையில களையெடுக்கணும். நீயும் வர்ற."

மகோகாவுக்கு முகம் செத்துப்போயிற்று. "அடியே, வந்த பிள்ளையை வெளிய போன்னு சொல்றியா? ஊரு என்ன பேசும்?"

சிக்ரித் மண்வெட்டியையே பார்த்தாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டோமோ என்று நசிமியுவுக்கே சுருக்கென்றது.

"அம்மா, மண்வெட்டி கொடுக்கற வரைக்கும் நீ அந்த வீட்டுக்குப் பிறத்தியார்தான்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்க. எப்பக் கொடுப்பீங்கன்னு தினமும் பார்த்துக்கிட்டே இருந்தேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அந்த இரைப்பை எனக்கு ஆகவே ஆகாதும்மா. மென்னா குமட்டும். வேண்டாம்னு சொன்னா அப்பா மனசு நோகுமேன்னு அப்படியே முழுங்கினேன்."

நசிமியுவுக்கு வெட்கமாகப் போயிற்று. அதை மறைக்கக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"பாவம், ஆறு மாசமா வாயைக் கட்டிக்கிட்டு இருந்தீங்க. சாப்பிடுங்க."

மகோகா இரைப்பையை இந்தப் பக்கம் உருட்டினார். அந்தப் பக்கம் உருட்டினார்.

"என்னவாம்?"

"பல்லு." குரலைத் தாழ்த்தினார். "கடைவாய்ப் பல்லு ரெண்டு பக்கமும் போயிருச்சு. இவ வர்றதுக்கு முந்தியே. வீட்டுக்குத் தலைவன், இரைப்பை மெல்ல முடியலைன்னா வெளிய தலைகாட்ட முடியுமா? நான் முழிச்சுக்கிட்டு இருந்த நேரத்துலதான் நல்லவேளையா விருந்தாளி வந்தா."

மூன்று பேரும் இரைப்பையைப் பார்த்தார்கள். சிக்ரித் மெதுவாக அந்தத் தட்டை நசிமியு பக்கம் தள்ளினாள். மகோகா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து ஆக்கிப் போட்டவள். ஒரு தடவைகூட அது அவள் நாக்கில் பட்டதில்லை. எடுத்து வாயில் போட்டாள். அடப்பாவிகளா, இந்த ருசியையா இத்தனை காலமும் எங்களுக்குக் காட்டாமல் தின்றீர்கள் என்று இருந்தது அவளுக்கு.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நப்வீலேயின் குரல் கேட்டது. "என்னடி, இரைப்பை போச்சா?"

"போச்சுடி" என்றாள் நசிமியு, மென்றுகொண்டே. "எல்லாம் அந்த வெள்ளைக்காரிதான். கொஞ்சமாவது வெட்கம் இருந்தாத்தானே?"