பித்தளை இன்ஜினும் பச்சைப் பெயிண்டும்

பித்தளைத் தகடுகளை இணைத்துச் செய்த பழைய பொம்மை நீராவி இன்ஜின் ஒன்றைப் புதுப்பிக்க எடுத்தார் சகாயம். முதல் வேலையாக, பெயிண்டைக் கரைக்கும் திரவத்தில் அதை ஊறப்போட்டார்.

இன்ஜின்மேல் கெட்டியாக அப்பியிருந்த பச்சைப் பெயிண்ட் பதறியது. "இத்தனை வருஷம் உன்னைக் காப்பாற்றியதே நான்தான். நான் போனால் நீ கறுத்துப்போவாய்."

பெயிண்ட் உரிந்து விழுந்தது. அதன் அடியில், தகடுகளைப் பிணைக்கும் கடுகளவு ரிவெட்டு ஆணிகள் வரிசை வரிசையாக மின்னின.

"இவ்வளவும் என்னுடையதா?" என்று அசந்துபோனது இன்ஜின்.

சகாயம் அதைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்துவிட்டு, புது டப்பாவைத் திறந்தார்.

"பயப்படாதே, உன்னைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறேன்" என்றது புதுப் பெயிண்ட்.

"தாராளமாகக் காப்பாற்று" என்றது இன்ஜின். "ரிவெட்டுகளை எண்ணி வைத்திருக்கிறேன். நீ காய்ந்த பிறகு மறுபடியும் எண்ணுவேன்."