சைக்கிள் சலவை

"அடுத்து யாரு? அந்தச் சைக்கிளைக் கொண்டாங்க!"

தலைமைத் தேர்வாளர் அம்மாள் கூப்பிட்டதும், மாணவி ஒருத்தி தன் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு பள்ளி மைதானத்துக்கு வந்தாள். முன்பாதி சைக்கிள். பின்பாதி யாரோ தூக்கிப் போட்ட வாஷிங் மெஷின் டிரம்.

பஸ் ஓட்டும் அவள் அம்மா, ஷிப்டை மாற்றிக்கொண்டு யூனிபார்மோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மகள் மக்கு இல்லை. ஆனால் பேனாவை எடுத்தால் எழுத்தெல்லாம் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். மூன்று மணி நேரத் தேர்வில் அரைத் தாள் தாண்ட மாட்டாள். இறுதி வகுப்புக்காரர்கள் பரீட்சை எழுதியும் தேறலாம், ஒன்றைச் செய்து காட்டியும் தேறலாம் என்று இந்த வருடம் விதி வந்ததும், "அம்மா, நான் பொழைச்சேன்!" என்று குதித்தாள். அப்புறம் நாலு மாதம் வீடெல்லாம் கிரீஸ்தான்.

கால்பந்து அணியின் பதினோரு சட்டைகள் சேறும் சகதியுமாக டிரம்முக்குள் போயின. மகள் ஏறி மிதித்தாள்.

தேர்வாளர் வரிசையில் இயற்பியல் ஆசிரியரும் இருந்தார். எதற்கெடுத்தாலும் மதிப்பெண் குறைப்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மைனஸ்.

"ஒரு மிதிக்கு டிரம் எத்தனை சுத்து சுத்தும்?" என்றார்.

"முன்சக்கரத்துல நாப்பத்தெட்டுப் பல், பின்சக்கரத்துல பதினாறு. மூணு சுத்து சார்!"

"தண்ணி மட்டும் ஏன் வெளிய போகுது?"

"துணியை டிரம் சுவர் தடுத்து வளைச்சுடுது சார். தண்ணிக்கு ஓட்டை இருக்கு. அது நேரா ஓடிப் போயிடுது."

கூட்டம் கை தட்டியது. அதோடு முடிந்தது என்று நினைத்தால், மைனஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"மலை உச்சியில தண்ணி ஏன் சீக்கிரம் கொதிக்குது?"

"காத்தோட அழுத்தம் அங்க கம்மி சார்."

"பஸ் கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டி ஏன் சின்னதாத் தெரியுது?"

"குவி ஆடி சார். அப்பதான் நிறைய இடம் தெரியும்."

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டாள்.

"துணி துவைக்கிற மெஷின்ல மலை எங்க சார் வந்துச்சு? பஸ் எங்க வந்துச்சு?"

"கொஞ்சம் உட்காருங்கம்மா," என்றார் தலைமைத் தேர்வாளர்.

மைனஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மின்சாரம், காந்தம், ஒலி என்று கேட்டுக்கொண்டே போனார். மகள் மிதித்துக்கொண்டே பதில் சொன்னாள். வியர்த்து ஊற்றியது. ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு. இத்தனை கேள்விக்கு இத்தனை பதில் தனக்குள் இருப்பது அவளுக்கே புதிதாக இருந்தது.

ஒரு வழியாக டிரம் நின்றது. சட்டைகள் பளிச்சென்று வெளியே வந்தன.

"தேர்ச்சி!" என்றார் தலைமைத் தேர்வாளர். கால்பந்து அணி அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது.

அம்மா மட்டும் ஓடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய மைனஸை வாசலில் மடக்கினாள்.

"நாற்காலி செஞ்ச பையனுக்குப் பத்து நிமிஷம். என் பொண்ணுக்கு ஒரு மணி நேரமா? எழுத வராதவங்கிறதுக்காக இப்படியா புழிஞ்செடுப்பீங்க?"

அவர் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"மெஷினைப் பத்தி ரெண்டே கேள்விதாம்மா. மீதி முப்பதும் இதுல இருந்து கேட்டேன். இந்த வருஷ இயற்பியல் எழுத்துத் தேர்வுக் கேள்வித்தாள்."

அம்மா பிரித்தாள். ஒன்றிரண்டு தவிர எல்லாக் கேள்விக்கும் சிவப்பு மையில் டிக். கடைசியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு என்று போட்டு, அவரும் தலைமைத் தேர்வாளரும் கையெழுத்திட்டிருந்தார்கள்.

"எழுதின பசங்கள்ல ஒருத்தன்கூட இவ்வளவு எடுக்கல," என்றார் அவர். "நாளைக்கு எவனாவது 'துணி துவைச்சுப் பாஸான பொண்ணு'ன்னு இளக்காரமாப் பேசினா, இதை அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டுங்கம்மா!"